கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்கும் பாட்டு

போன மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டியில் என் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். கல்லூரியில் எனக்குச் சிலப்பதிகாரம் நடத்தியவர். சார் வருகிறார் என்பதற்காக நாகஸ்வரப் பதிவு ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். வண்டியைக் கிளப்பியதும் கைப்பேசி முந்திக்கொண்டது. தானாகவே ஸ்பீக்கரோடு இணைந்து, முந்தின நாள் இரவு நான் தனியாகக் கேட்டுப் பாதியில் விட்ட பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தது. எல்.ஆர். ஈஸ்வரி. இலந்தைப் பழப் பாட்டு. முழுச் சத்தம்.

பாய்ந்து அணைத்தேன். "பையன் போட்டு வச்சிருப்பான் சார்" என்றேன். பையனுக்கு வயது 14. ஈஸ்வரி யாரென்றே அவனுக்குத் தெரியாது.

"எதுக்குடே நிறுத்துன?" என்றார் சார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டாறு தாண்டும்வரை என் காது மடல் சுட்டுக்கொண்டிருந்தது.

இந்தச் சூட்டைப் பற்றி டார்வின் எழுதியிருக்கிறார். உணர்ச்சிகளின் வெளிப்பாடு குறித்து 1872இல் அவர் வெளியிட்ட நூலில் முகம் சிவப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. முகத்துத் தோலில் இருக்கும் சிறு இரத்தக் குழாய்கள் விரிகின்றன. மனது வைத்து அதை வரவழைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. டார்வினின் கணிப்பு, நம்மைப் பற்றி நாம் நினைப்பதால் முகம் சிவப்பதில்லை, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நினைப்பதால்தான் சிவக்கிறது என்பது. அப்படிப் பார்த்தால் அன்று வண்டிக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன. செவிக்குள் ஒரு மகிழ்ச்சி, செவிக்கு வெளியே ஒரு சூடு. இரண்டுக்கும் ஒரே பாட்டுதான் காரணம் என்று நினைத்தேன். பிறகு வாசிக்க வாசிக்க அது சரியில்லை என்று பட்டது.

முதலில் அந்தப் பாட்டைப் பற்றி. 1968இல் வந்த 'பணமா பாசமா'. கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கம், கண்ணதாசன் வரிகள், திரையில் பழக்கூடையோடு விஜயநிர்மலா. பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது, விரசம் என்று முகம் சுளித்தவர்களும் நிறைய. இசையமைத்தவர் கே.வி. மகாதேவன். அந்தக் 'கே' எந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களிடம் நான் கேட்பதுண்டு, யாரும் சொன்னதில்லை. கிருஷ்ணன்கோவில். நாகர்கோவில் வடசேரியில் இருக்கிறது. 1918 மார்ச் 14 அன்று அங்கே பிறந்தவர் மகாதேவன்.

அதே 1968இல் அதே மகாதேவன் இசையில் இன்னொரு படம் வந்தது: 'தில்லானா மோகனாம்பாள்'. எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம். தமிழ் வீடுகளில் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கக்கூடிய இசை. அதற்குள்ளேயும் ஜில்ஜில் ரமாமணி பாத்திரத்துக்காக ஈஸ்வரியைப் பாட வைத்திருந்தார். தேசிய விருதுகளில் இசையமைப்பாளருக்கென்று பரிசு ஏற்பட்டபோது முதன்முதலில் வாங்கியவர் அவர்தான், 'கந்தன் கருணை'க்காக. பிறகு 'சங்கராபரணம்' வந்து, கர்நாடக இசையைக் காப்பாற்றியவர் என்ற அளவுக்கு அவரைக் கொண்டாடினார்கள். நாகஸ்வரத்துக்கும் இலந்தைப் பழத்துக்கும் நடுவே மகாதேவன் வண்டிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அந்த வேலையை நாம்தான் செய்கிறோம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? மாண்ட்ரியாலில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சத்தோரே குழுவினர் 2011இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பாட்டுக் கேட்கும்போது மயிர்க்கூச்செறியும் அனுபவம் உள்ளவர்களை 217 பேரிலிருந்து வடிகட்டி, கடைசியில் 8 பேரைத் தேர்ந்தார்கள். எந்த இசை கேட்டால் உங்களுக்குச் சிலிர்க்குமோ அதை நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். பிறகு கதிரியக்க வருடியில் படுக்க வைத்து, மூளையில் டோபமின் சுரப்பதை அளந்தார்கள். சிலிர்ப்பு உச்சத்தில் இருக்கும்போது அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் டோபமின் கூடியது. அதற்குச் சில நொடிகள் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும்போதே, காடேட் என்ற வேறொரு பகுதியில் கூடியது. பசித்தவன் சோறு உண்ணும்போது வேலை செய்யும் அதே வெகுமதிச் சுற்றுதான் இது. காத்திருப்புக்கு ஒரு பங்கு, கிடைத்ததற்கு ஒரு பங்கு என்று மூளை இரண்டு தவணையில் கூலி கொடுக்கிறது. எட்டே பேர்தான், கருவியிசை மட்டுந்தான். ஆகவே இதை வைத்து உலகத்தையே அளந்துவிடக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். இது உயர்ந்த இசை, இது தாழ்ந்த இசை என்று ஆய்வாளர்கள் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. அவரவர் கொண்டுவந்த இசைக்கு அவரவர் மூளை கூலி கொடுத்தது.

அப்படியானால் வெட்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் கிரெகரி பெர்ன்ஸ் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளை வருடியில் படுக்க வைத்து, பெயர் தெரியாத பாடகர்களின் பாட்டுத் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார். முதல்முறை கேட்டதும் பிள்ளைகள் மதிப்பெண் போட்டார்கள். அடுத்த முறை, இந்தப் பாட்டு ஊரில் எவ்வளவு பிரபலம் என்பதையும் காட்டினார்கள். பல பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்ணை ஊரின் பக்கம் நகர்த்தினார்கள். 2010இல் வந்த அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தியது மூளைப் படம்தான். பாட்டு எவ்வளவு பிடித்திருந்தது என்பதோடு காடேட்டின் வேலை ஒத்துப்போனது. மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளும் போக்கோடு ஒத்துப்போனவை வேறு பகுதிகள்: வலியிலும் பதற்றத்திலும் துடிப்பாகிற இன்சுலாவின் முன்பகுதியும் சிங்குலேட்டின் முன்பகுதியும். ஊரோடு ஒத்துப்போன பிள்ளைகளின் ரசனை மாறிவிட்டது என்பதைவிட, ஒட்டாமல் நிற்பது அவர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது என்று வாசிக்கத்தான் இடமிருக்கிறது. இனிப்பும் கூச்சமும் மூளையில் வேறு வேறு முகவரியில் குடியிருக்கின்றன.

கூச்சத்துக்கு ஒரு சமூகவியலும் உண்டு. 'பணமா பாசமா' வந்த அதே சமயத்தில், 1967-68இல், பிரான்சில் பியர் பூர்தியூ ஆட்களை அனுப்பி, உங்களுக்குப் பிடித்த இசை எது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாக்கின் விசைப்பலகை இசையைச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஒரு வர்க்கம். 'நீல டானூப்' வால்ட்ஸைச் சொன்னவர்கள் வேறு. ரசனை என்று நாம் சொல்வது பல சமயம் வீட்டு முகவரியைத்தான் என்பது 1979இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம். எங்கள் நாஞ்சில் நாட்டில் இதைக் கண்டுபிடிக்கக் கருத்துக்கணிப்பு வேண்டியதில்லை. கோயில் மதிலுக்கு உள்ளே நாகஸ்வரம், ஊர்க்கோடிச் சுடலைமாடனுக்கு வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும். எது யாருடைய இசை என்பது பிள்ளைப் பிராயத்திலேயே தெரிந்துவிடும்.

சில சமயம் அரசாங்கமே வெட்கப்படும். 1952இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்களின் காதைக் கெடுக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. நேயர்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்பினார்களா என்றால், குமிழைத் திருகி ரேடியோ சிலோனுக்குப் போனார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கி, சினிமாப் பாட்டுக்கு மறுபடி கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

அந்தக் குமிழ் திருகுவது எங்கள் கரையில் வெகு சுலபம். கன்னியாகுமரியிலிருந்து சென்னை நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு 300க்கும் குறைவு. தூரம் மட்டும் காரணமில்லை. மத்திய அலை ஒலிபரப்பு பகலில் தரையை ஒட்டி நகர்ந்து வருவது. தரை எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் அலை தேயாமல் வரும். உப்புக் கடல் சாதாரண நிலத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். ஆகவே எழுபதுகளில் எங்கள் வீட்டில் சொந்த நாட்டு நிலையம் கரகரத்துக்கொண்டிருக்க, இலங்கை வானொலி பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுவதுபோலக் கேட்கும். அத்தை அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டே கேட்பாள். பாட்டா வரும் செருப்புச் சத்தம் கேட்டால் சத்தத்தைக் குறைப்பாள், அணைக்க மாட்டாள். இலந்தைப் பழத்தை நான் முதலில் கேட்டது இப்படித்தான், அரைச் சத்தத்தில், அது ஏதோ தப்பான பாட்டு என்ற செய்தியோடு சேர்த்து.

ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டிய விளைவு ஒன்று உளவியல் பாடநூல்களில் தவறாமல் இருக்கும். ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே போதும், அது பிடிக்கத் தொடங்கிவிடும். அர்த்தமில்லாத சொற்களை வைத்தும் சீன எழுத்துகள் போன்ற கோடுகளை வைத்தும் அவர் நிறுவியதைப் பின்னால் வந்தவர்கள் இசையிலும் கண்டார்கள். வயதுக்கும் இதில் பங்குண்டு. ஹோல்புரூக், ஷிண்ட்லர் இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், தம் 24ஆம் வயதை ஒட்டி வந்த பாட்டுகளையே மக்கள் அதிகம் விரும்பியது தெரிந்தது. எனக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. எனக்கு 24 வயதானபோது ஊரே இளையராஜாவைக் கேட்டுக்கொண்டிருந்தது. விடை 2013இல் கரோல் கிரம்ஹான்சல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. இருபது வயது மாணவர்களைச் சோதித்தபோது, அவர்கள் பிறப்பதற்கு முன்பு, பெற்றோர் இளைஞர்களாக இருந்தபோது வந்த பாட்டுகளிலும் ஒரு தனி ஒட்டுதல் தெரிந்தது. வீட்டில் ஒலிக்கிற பாட்டு பரம்பரைச் சொத்துபோல இறங்கி வருகிறது. நான் சுமந்துகொண்டிருப்பது அத்தையின் இருபது வயது.

அடுக்களையில் அரைச் சத்தத்தில் கேட்ட பாட்டை முழுச் சத்தத்தில் கேட்டது கோயில் கொடைத் திருவிழாவில். மைக்செட்காரர் தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிட்டால் மூன்று நாளைக்கு ஊரில் வேறு ஓசை கிடையாது. குழாய் ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த ஒலி வராது. அத்தனை நீளமான அலைக்கு அதன் வாய் போதாது. அது நன்றாகத் துப்புவது நடுத்தர, உயர்ந்த அதிர்வெண்களை. நம் செவிக்குழாய் இரண்டரைச் செண்டிமீட்டர் நீளம். அதற்குள் நிற்கும் காற்று 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வதால் அந்த இடத்தில்தான் காது மிகக் கூர்மை. குழாய் துப்புவதும் காது வாங்குவதும் ஒரே இடம். ஈஸ்வரியின் குரல் போன்ற கணீரென்ற குரல் வயலைத் தாண்டி, குளத்தைத் தாண்டி வந்ததற்கு அந்தப் பொருத்தம் ஒரு காரணமாக இருக்க வேண்டும். மென்மையான குரல்கள் வாய்க்கால் கரையோடு நின்றுவிடும்.

தாழ்ந்த ஒலிக்கு வேறு ஆள் இருந்தார்: வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். மண்குடத்தின் வாயில் 'பத்தி' என்ற மட்டையால் அறைந்ததும் உள்ளிருக்கும் காற்று மொத்தமாக அமுங்கி விரியும். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் கூவுமே, அதே இயற்பியல். குடம் பெரிதென்பதால் கும்மென்று இறங்கும். ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் இந்த வில்லைத்தான் சிறுவயதில் கற்று, பிறகு மேடைக்கும் சினிமாவுக்கும் கொண்டுபோனார். எழுபதுகளின் இறுதியில் இந்தப் பக்கம் வந்து தங்கி ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதையில் நாயகன் சாகிற இடம் வரும்போது சாமியாட்டம் எழுவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் குடமும் உடுக்கும் மேளமும் சேர்ந்து நெருக்கும். சாமி வராதவர்களுக்கும் வயிற்றுக்குள் ஏதோ புரளும். எனக்குப் புரண்டிருக்கிறது; பட்டப்படிப்பு முடித்த பிறகும் புரண்டது; அதையும் வெளியே சொன்னதில்லை.

வயிற்றுக்குள் புரள்வதாகத் தோன்றுவதற்குக் காதிலேயே ஒரு காரணம் இருக்கலாம். உள்காதில் சாக்யூல் என்று ஒரு சிறு பை இருக்கிறது. அதன் வேலை கேட்பது அல்ல; உடல் மேலும் கீழும் அசைவதை உணர்ந்து சமநிலை காப்பது. மான்செஸ்டரில் நீல் டாட், ஃபிரெடெரிக் கோடி இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாழ்ந்த அதிர்வெண் மிகுந்த நடன இசை சுமார் 90 டெசிபெலைத் தாண்டும்போது இந்தப் பையும் துடிக்கத் தொடங்குகிறது. அதாவது நாற்காலியில் அசையாமல் இருப்பவருக்கு ஊஞ்சலாடும் செய்தி போகிறது. கனடாவில் 2022இல் ஒரு படி மேலே போனார்கள். மின்னணு இசைக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, காதுக்குக் கேட்காத அளவு தாழ்ந்த ஒலியை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அந்த ஒலி இருந்தபோது கூட்டம் சுமார் 12 விழுக்காடு கூடுதலாக ஆடியது. ஏன் ஆடுகிறோம் என்று ஆடியவர்களுக்கே தெரியாது. ஆனால் 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரத்துக்குமேல் கேட்பது செவிக்குக் கேடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொடையில் குழாய்க்குக் கீழே பாய் விரித்துத் தூங்கியவன் சொல்கிறேன், கொஞ்சம் தள்ளிப் படுங்கள்.

இதே நாஞ்சில் நாட்டிலிருந்து இதற்கு நேரெதிரான கேட்பு ஒன்றும் கிளம்புகிறது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் கீர்த்தனைகள். யாரும் கைதட்டக் கூடாது. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை பெண்கள் அங்கே பாடியதில்லை. ஒலி நயத்துக்காகக் கூரையில் மண்குடங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அங்கேயும் குடம்தான். கொடையில் குடம் உடம்பை எழுப்பிவிடுகிறது, மண்டபத்தில் குடத்தின் கீழே உடம்பை அடக்கி உட்கார வேண்டும். இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டிலும் சிலிர்த்திருக்கிறது. மண்டபத்துக்குப் போனதை ஊருக்குச் சொன்னேன், கொடைக்குப் போனதைச் சொல்லவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்படி எழுதிக்கொண்டே போனால், டோபமின் சுரக்கிறது, ஆகவே எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று நான் சொல்வதாக ஆகிவிடும். அப்படியில்லை. வெகுமதிச் சுற்றுக்கு அறம் தெரியாது. தென்மாவட்டங்களில் சாதிப் பெருமையை முழங்கும் பாட்டுகளுக்கும் தாளம் நன்றாகவே அமைகிறது. அவற்றுக்கும் கால் தாளம் போடும். பின்தொடரும் ஆணைக் காதலனாக்கும் சினிமாப் பாட்டுகளுக்கும் அப்படியே. அவற்றைக் கேட்கும்போது வரும் கூச்சத்தை உதறிவிடுங்கள் என்று எந்த வருடியும் சொல்லவில்லை. யாருக்காவது அந்தப் பாட்டு வலிக்கும் என்பதால் வரும் கூச்சம் ஒன்று; இதைக் கேட்டால் நம்மைச் சந்தைக்காரன் என்று நினைப்பார்களே என்பதால் வரும் கூச்சம் இன்னொன்று. காது மடலின் சூடு இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பழம் விற்கும் ஒரு பெண் தன் சரக்கைக் கூவிக் குறும்பு பேசும் பாட்டுக்காக நான் சார் முன்னால் கூசியது இரண்டாவது வகை. பழக்காரி மேல் எனக்கிருந்த ஏளனத்தையே பாட்டின் மேல் ஏற்றிவிட்டிருக்கிறேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஐம்பது வயது ஆனது.

தேர் நிலைக்கு வந்தபின் திரும்பினோம். ஆசிராமம் பக்கம் வரும்போது சார், "அந்தப் பாட்ட முழுசா போடு பாப்போம்" என்றார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மெட்டு கொள்ளாம்டே" என்றார் பிறகு. "பழத்தப் 'பயம்' ஆக்குனதுதான் எனக்குச் செமிக்கல்ல."